பத்து மணிக்கு ஓடிய ஹார்ட் டிஸ்க்

மந்தாரக்குப்பத்தில் ஆசிஃபாவின் வீட்டு முன்னறைதான் அவளுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. வீராயி உள்ளே வந்தபோது மணி பத்தரை. முந்தானையில் பொதிந்திருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"லேப்டாப்புல சொருவுனா ஒண்ணுமே வரலம்மா. மூணு மணிக்கு விசாரணை."

அவளை வடக்குத்திலிருந்து ஸ்கூட்டியில் கூட்டிவந்த அன்புக்கரசிக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தெருவிலேயே முதல் பட்டதாரி. பக்கத்து வீட்டு வீராயிக்காக நஷ்டஈட்டு மனு எழுதியதெல்லாம் அவள்தான். வீராயியின் கணவன் கொளஞ்சியப்பன், கான்ட்ராக்ட் தொழிலாளி, நிலக்கரிச் சுரங்கத்தில், கரி கொண்டுபோகும் பெல்ட்டில் சிக்கிச் செத்தான். அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை என்கிறான் கான்ட்ராக்டர். வந்தான் என்பதற்கு ஒரே சாட்சி, விபத்துக்குச் சற்றுமுன் அவனுடைய சித்தப்பா மகன் சிலம்பரசன் செல்போனில் எடுத்த வீடியோ. இந்த டிஸ்க்கில் போட்டுக் கொடுத்ததும் அவன்தான். பிறகு அந்த போன் தொலைந்துவிட்டதாம்.

"சீக்கிரம் ஆரம்பிங்கக்கா."

"பன்னெண்டுக்குத்தானே கரண்ட் வரும், அன்பு. உக்காரு."

2012. அந்த மாதம் முழுக்க மந்தாரக்குப்பத்துக்கும் வடக்குத்துக்கும் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மின்வெட்டு. ஜன்னலுக்கு வெளியே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நிதானமாகப் புகைந்தன. அன்புக்கரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்தவன் அட்டையால் விசிறிக்கொண்டு கிடக்கிறான்.

ஆசிஃபா திருகாணியைக் கழற்றி, பெட்டியைத் திறந்து முகர்ந்தாள். "பெட்டியோட போர்டு கருகியிருக்கு. பன்னெண்டு வோல்ட் கேக்குற இடத்துல பத்தொம்பது வோல்ட் லேப்டாப் சார்ஜரை மாட்டியிருக்காங்க. உள்ள இருக்குற டிஸ்க் பொழச்சிருக்கலாம், போயும் இருக்கலாம். இது பெரிய சைஸ். சுவர்ல தனியா பிளக் மாட்டலன்னா சுத்தவே சுத்தாது."

பதினொன்று தாண்டி வாசலில் பைக் நின்றது. சிலம்பரசன். டிஸ்க் ஓடவில்லை என்று வீராயி சொல்லியனுப்பியிருந்தாள். கழுத்தில் சூப்பர்வைசர் அட்டை புதிதாகத் தொங்கியது.

"அண்ணிதான் தெரியாம எதையாவது சொருவியிருப்பாங்க," என்றான். "நேத்து காலைல பத்து மணிக்கு நல்லா ஓடுச்சிங்க. அண்ணி வூட்லயே போட்டுப் பாத்தேன்."

"படிக்கலன்னா பழிய தூக்கி அவங்க தலையில வச்சிடுவியா?" அன்புக்கரசி எழுந்துவிட்டாள்.

ஆசிஃபா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அப்ப வூட்டுல யாரு இருந்தா?"

"யாருமில்ல. நான் வேலைக்குப் போயிட்டேன், சாவிய இவங்கிட்டதான் குடுத்தேன்," என்றாள் வீராயி.

"வெளிய எடுத்துக்கினு போனீங்களா, தம்பி?"

"இல்லீங்க. பதினோரு மணி வரைக்கும் மூணு தடவ பாத்தேன். அங்கயே வச்சிட்டேன்."

"உங்க ஜாகை?"

"சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப். மாமனார் குவார்ட்டர்ஸ்."

"அங்க கரண்ட் எப்பப் போவும்?"

"அங்க எங்கீங்க போவுது?" சிரித்தான்.

ஆசிஃபா சிரிக்கவில்லை. "இப்ப பதினொண்ணே கால். நாங்க மூணு பேரும் ஏன் சும்மா உக்காந்திருக்கோம்னு நெனைக்கிறீங்க?"

சிலம்பரசன் அண்ணாந்து பார்த்தான். மின்விசிறி அசையாமல் தொங்கியது.

"வடக்குத்துல இருக்கறவன் பொய் சொன்னாலும் பத்து மணின்னு சொல்ல மாட்டான், தம்பி. நேத்து அந்த நேரத்துக்கு டிஸ்க் ஓடியிருந்தா, உங்க குவார்ட்டர்ஸ்லதான் ஓடியிருக்கணும். வீடியோவை மட்டும் அழிச்சா அழிச்சது யாருன்னு கேள்வி வரும். கருகிப்போனா அண்ணி மேல போயிடும். அதான் சார்ஜரை மாத்தி மாட்டுனீங்க."

சிலம்பரசன் கழுத்து அட்டையைச் சட்டைப்பைக்குள் தள்ளினான்.

"பர்மனென்ட் பண்றன்னாங்க, அண்ணி," என்றான் கடைசியில்.

"ஒங்கண்ணங்கிட்டயும் அதத்தான் சொன்னாங்க," என்றாள் வீராயி. "பதினோரு வருஷமா."

பன்னிரண்டுக்கு மின்விசிறி சுற்றியது. ஆசிஃபா கருகிய போர்டை ஒதுக்கிவிட்டு, டிஸ்க்கை மட்டும் எடுத்துத் தன் கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒயர்களில் நேராகப் பொருத்தினாள். அன்புக்கரசி நகத்தைக் கடித்தாள். டிஸ்க் ஒருமுறை உறுமியது. திரையில் ஒரு ஃபோல்டர் வந்தது.

மஞ்சள் ஹெல்மெட்டோடு கொளஞ்சியப்பன், பெல்ட்டுக்குப் பக்கத்தில், டிபன் பாக்ஸை நீட்டிக்கொண்டிருந்தான். "போன கீழ வைடா சிலம்பு. நீ இன்னும் சாப்புடல. பாதி இருக்குது, வா."

சிலம்பரசன் வாசலுக்குப் போனான். ஒரு செருப்பை மாட்டியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இத எடுத்தது யாருன்னு மூணு மணிக்குக் கேப்பாங்க," என்றாள் அன்புக்கரசி. அவன் மேசையிலேயே விட்டிருந்த பைக் சாவியை எடுத்து நீட்டினாள். "வண்டிய எடு. வீராயி அக்கா ஒன் பின்னாடிதான் உக்காருவாங்க."