ஓடுதளத்தில் காயாத வத்தல்

"விடியுமுன்னே வண்டி கெளம்பணும். பானை சட்டியெல்லாம் எடுத்துக் கட்டுட்டி!" என்றாள் அம்மா.

மாரிச்செல்விக்கு ஆத்திரம் பொங்கியது. ஊரைவிட்டுப் போவதா? முடியவே முடியாது!

செவலூரணியில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. முன்பு வற்றாத கிணறு ஒன்று இருந்தது. யுத்தம் வந்தது; பட்டாளத்தார் ஊராரை அப்புறப்படுத்திவிட்டு விமானத்தளம் போட்டார்கள். கிணற்றைத் தூர்க்கக்கூடப் பொறுமையில்லை அந்த மகராசன்களுக்கு! குறுக்கே தண்டவாளங்களை அடுக்கி, மேலே காங்கிரீட் ஓடுதளத்தை இழுத்துவிட்டார்கள். யுத்தம் முடிந்து விமானங்கள் போய்விட்டன. திரும்பி வந்த ஊரார் ஓடுதளத்தில் மிளகாய் வத்தல் காயப்போட்டார்கள். ஒரு மைல் நீளக் காங்கிரீட்டில் கிணற்றை எங்கே தேடுவது? மூன்று இடத்தில் உடைத்துப் பார்த்துக் கை ஓய்ந்துபோனார்கள்.

"வத்தல் காயப்போடச் சீட்டுக் குலுக்கி எடம் பிரிச்சதுல நமக்குன்னு வந்து வாய்ச்சுதே!" என்று அம்மா வத்தல் சாக்கை உதைத்தாள். "ஊரு வத்தலெல்லாம் சலசலங்குது. நம்மளது மட்டும் வருஷா வருஷம் பூசணம் பூத்துப்போவுது!"

மாரிச்செல்வி நிமிர்ந்தாள். மழையே பெய்யாத ஊரில் அந்த இடத்துக்கு மட்டும் ஈரம் எங்கிருந்து வருகிறது?

ஒரே ஓட்டம்! தோழி ஜெபராணி கோயில் மெழுகுவர்த்தியோடு வந்தாள். அத்தை மகன் சுடலை கடப்பாரையும் கயிறும் தூக்குச்சட்டியும் கொண்டுவந்தான். ஓடுதளத்துக்கு அடியில் மழைத்தண்ணீர் போகக் கட்டிய வடிகாலுக்குள் மூவரும் தவழ்ந்தார்கள்.

"திரி அணைஞ்சா மூச்சுக்குக் காத்தில்லன்னு அர்த்தம். ஒடனே திரும்பிரணும்!" என்றாள் ஜெபராணி.

வௌவால்கள் முகத்தில் அறைந்தன. முழங்கை தோலுரிந்தது. வத்தல் இடத்துக்கு நேர் கீழே வந்ததும் சுடர் சட்டென்று சாய்ந்தது!

"போதும்ட்டி, திரும்புவோம்!" சுடலை பின்னுக்கு நகர்ந்தான்.

"ஏலே, அணையலியே! சாயத்தான செய்யுது. செவத்துக்குள்ள இருந்து காத்து வருதுலே!" என்றாள் மாரிச்செல்வி.

சுவரில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது. கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினாள். உள்ளங்கை கொப்பளித்தது, விடவில்லை. ஒரு கல் அசைந்து உள்ளே விழுந்தது.

தொபுக்!

"தண்ணி!" மூவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

வீட்டில் மாடு பூட்டியாகிவிட்டது. மாரிச்செல்வி மூச்சிரைக்கத் தூக்குச்சட்டியை நீட்டினாள். நமக்கு வாய்த்ததைத் திட்டுமுன் கொஞ்சம் குனிந்து பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அம்மாவிடம் அதைச் சொல்லி யார் அடி வாங்குவது?

அம்மா ஒரு வாய் குடித்தாள். கண் கலங்கியது.

"இந்த எடத்தையாட்டி இத்தன வருஷமா வைதேன்!" என்றவள், தானே போய் மாட்டை அவிழ்த்துவிட்டாள்.