குளிப்பாட்டக் கூடாத மையத்து

"ஐயோ... குளிப்பாட்டாம அடக்க விடமாட்டன்!"

ஸுல்பிகாவின் அலறல் கிண்ணியாத் துறைவரைக்கும் கேட்டது!

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். ஊரெங்கும் வாந்திபேதி...

சுகாதாரப் பரிசோதகர் ஜமால்தீன் வேலியில் சைக்கிளைச் சாத்தினார். சாவு விழுந்து மையத்து கிடந்த வீடெல்லாம் இதே சண்டைதான். குளிப்பாட்டினால் நோய் பரவும் என்பார் இவர். குளிப்பாட்டியே தீருவோம் என்பார்கள் அவர்கள். கல்லெறிகூட வாங்கியிருக்கிறார், பாவம்!

கூடத்தில் ஸுல்பிகாவின் கணவர் கலீல்... தலை முதல் கால்வரை பாயால் சுற்றிக் கட்டியிருந்தது.

இறந்தவரின் தம்பி ஹிஸ்புல்லா ஓடிவந்தான்.

"நல்ல நேரத்தில வந்தீங்க, சேர்! என்ட மூத்த காக்காவுக்கு வாந்திபேதி. ஒருத்தரையும் தொட விடல்ல. ஆழமா வெட்டி, சுண்ணாம்பு போட்டு அடக்கிருவம்!"

ஜமால்தீன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

போன மாதம் இதே வீட்டுக் கிணற்றுக்கு மருந்து போட வந்தவரை, "தண்ணி நாறும், போங்க!" என்று விரட்டியவன் இவன். இன்றைக்கு எங்கிருந்து வந்தது இந்த ஞானம்?

ஸுல்பிகாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, என்ன நடந்த?"

"நேத்து ஒருக்காத்தான் வயித்தால போன, சேர். ராவு கரையில மீன் வாடிக் குடிசையில ரெண்டு பேருக்கும் தோணியப் பத்திச் சண்டை. விடிய இவன் பாயால சுத்திக் கொண்டுவந்தான். முகத்தைக்கூடக் காட்டல்ல!"

"மதினி! வாயப் பொத்துங்க!"

ஜமால்தீன் குறுக்கிட்டார். "ஹிஸ்புல்லா... குளிப்பாட்ட வேணுமெண்டு எல்லாரும் என்னோட சண்டை பிடிச்ச. வேணாமெண்டு நிண்ட முதல் ஆள் நீங்கதான்!"

ஜமால்தீன் கையுறையை மாட்டினார். வாளித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்தார்.

"நானே குளிப்பாட்டுறன், தங்கச்சி."

"ஏலாது சேர்!" ஹிஸ்புல்லா குறுக்கே பாய்ந்தான்.

பாயை அவிழ்த்தார்.

கழுத்தைச் சுற்றிக் கறுத்த கயிற்றுத் தடம்!

ஓடப் பார்த்த ஹிஸ்புல்லாவை ஊரார் வேலியிலேயே அமுக்கினார்கள். பொலிஸ் வருமுன் வீட்டிலிருந்தவர்களுக்கு ஜமால்தீன் வாந்திபேதித் தடுப்பு மாத்திரை கொடுத்தார். ஸுல்பிகா விழுங்கினாள். ஹிஸ்புல்லா துப்பினான்.

"எனக்கென்னத்துக்கு? காக்காவுக்கே அந்த வாந்திபேதி வருத்தம் இருக்கல்ல!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பிரேத பரிசோதனை முடிந்து மையத்து வீடு திரும்பியது. ஜமால்தீன் சொன்ன சொல் தவறாமல் குளோரின் தண்ணீரில் குளிப்பாட்டினார். வாசலில் நின்று ஸுல்பிகா விம்மினாள்.

மறுநாள் அலுவலகத்தில் டெலிபோன் அலறியது!

இன்ஸ்பெக்டர் சோமசேகரம்.

"மிஸ்டர் ஜமால்தீன்! லொக்கப்பில ஹிஸ்புல்லாவுக்கு வாந்தியும் வயித்தோட்டமும்... நிக்குதில்லை! நடிக்கிறானோ?"

ஜமால்தீனின் கையில் ஆய்வுகூட அறிக்கை. கலீலின் குடலில் வாந்திபேதிக் கிருமி! மருந்து போட விடாத அந்தக் கிணற்றில்தான் அண்ணனும் தம்பியும் குடித்தார்கள்...

"நடிப்பில்லை, இன்ஸ்பெக்டர். காக்காவுக்கு வாந்திபேதி எண்டானே... பொய்யெண்டு நினைச்சு அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான்! உடனே ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க. நான் லொக்கப்புக்கு மருந்தடிக்க வாறன்..."

தொப்பியை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"இந்த முறை அவன் விரட்ட மாட்டான்!"