கதவுக்கு அந்தப்பக்கம் பேசியவள்

மெரின் தும்மினாள். பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒரு குரல், "ஆ தெ சுவே" என்றது.

யாராவது தும்மினால் பக்கத்தில் இருக்கும் பிரெஞ்சுக்காரர்கள் சொல்கிற வார்த்தை அது. பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செல் என்ற ஊரில், நாலாவது மாடி வீட்டில், பிறந்தது முதல் பத்து வருஷம் கேட்டுப் பழகியது. அதனால் அவள் யோசிக்காமல் "மெர்சி" என்று சொல்லிவிட்டு வீட்டுப்பாட நோட்டில் இன்னும் இரண்டு வரி எழுதினாள். மூன்றாவது வரியில்தான் பேனா நின்றது. வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

அப்பா அலெக்சாண்டர் ஹோட்டல் வேலைக்கு மதியமே போய்விடுவார். அம்மா ஸ்டெல்லாமேரி, மெரின் பள்ளியிலிருந்து வந்ததும் பாலைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு டியூஷன் சென்டருக்குக் கிளம்புவாள். அங்கே பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. திரும்பி வர ஏழரை ஆகும். அதுவரை, சார்செலிலிருந்து வந்து குடியேறிய இந்த உப்பளம் பகுதி வாடகை வீட்டில் மெரின் மட்டும்தான். மழைக்கால ஈரத்தில் சுவரின் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிரும். காற்று திரும்பினால் தேங்காய்த்திட்டுத் துறைமுகப் பக்கமிருந்து மீன் வாடை ஜன்னல் வழியாக வந்து பாடப் புத்தகத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். தெருவில் சைக்கிள் மணியும், யாரோ யாரையோ கூப்பிடுவதும், அவளுக்குப் பாதி மட்டும் புரிகிற சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருக்கும். கூடத்தின் கடைசியில் ஓர் அறைக்குப் பெரிய பூட்டு தொங்கியது. வீட்டுக்காரர் பக்கிரி காலாப்பட்டில் இருந்தார். சாவி கொடுத்த அன்று, "அதுல எங்க பழைய சாமான் கெடக்குது. அத மட்டும் தொறக்க வேணாம்" என்று சொல்லியிருந்தார்.

அம்மா வந்ததும் மெரின் பிரெஞ்சில் சொல்ல ஆரம்பித்தாள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தமிழ்ல சொல்லு."

அது ஜூலையிலிருந்து வீட்டுச் சட்டம். புதுப் பள்ளியில் மெரின் எழுந்து, "நான் தண்ணி குடிக்கப் போகுது" என்று சொல்ல, வகுப்பே சிரித்தது. அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். அன்று ராத்திரியே அம்மா சொல்லிவிட்டாள்: "இனிமே மமோன்னு கூப்டாத. அம்மான்னு கூப்டு. பழகிடும்."

மெரின் வார்த்தைகளைத் தேடித் தேடி அடுக்கினாள். "ரூம்ல... ஒரு பொண்ணு... பேசுது."

அம்மா பூட்டை இழுத்துப் பார்த்தாள். கதவில் காது வைத்தாள். "எலியா இருக்கும்."

"எலி பிரெஞ்சு பேசுமா?"

அம்மா சிரிக்கவில்லை. மெரினின் தலையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "எனக்குப் புரியுது கண்ணு. கொஞ்ச நாள்தான்."

அம்மாவுக்குப் புரியவில்லை என்பது மெரினுக்குத் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் அந்தக் குரலே கூப்பிட்டது. அங்கே இருக்கிறாயா என்று பிரெஞ்சில் கேட்டது. கொஞ்சம் கரகரப்பான, தொண்டை வறண்ட குழந்தைக் குரல். மெரின் வாசல் கதவுவரை ஓடினாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எந்த வீட்டில் போய், எந்த மொழியில், என்னவென்று சொல்வது? குரல் பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு, உன் ஊரில் இப்போது குளிருமா என்று கேட்டது. ஐந்து மாதமாக யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

மெரின் மெல்ல நடந்து வந்து, அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பனியைப் பற்றிச் சொன்னாள். கையுறை நனைந்துபோவதை, காரின் மேல் படிந்த பனியில் விரலால் பெயர் எழுதுவதைச் சொன்னாள். அடுத்த நாள் லிஃப்ட்டின் ரப்பர் வாசனையைச் சொன்னாள். அதற்கடுத்த நாள் சிநேகிதி கமிலாவைப் பற்றிச் சொன்னாள். குரல் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டது, பாடம் படிப்பதுபோல.

ஒரு வாரத்தில் பள்ளியில் எல்லாம் மாறியது. பக்கத்தில் உட்காரும் கவிநிலா பென்சில் கேட்டாள். "எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு, எழுதிட்டுத் தரேன்" என்று தடுமாறாமல் சொன்னாள் மெரின். கவிநிலா வாயைப் பிளந்தாள். டீச்சர் அம்மாவுக்கு போன் செய்து பாராட்டினார். அன்று அம்மா கோழிக்குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது அடிக்கொருதரம் மகளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் படுக்கையில் கிடந்தபடி மெரின் பனிக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. பனி, பனி என்றுதான் வந்தது. லிஃப்ட்டின் வாசனையை நினைத்தாள். அது வெறும் இரும்புப் பெட்டியாக இருந்தது. கமிலாவின் முகம் இருந்தது. அவள் என்ன பேசுவாள் என்பது இல்லை.

அந்தக் கதவிடம் பிரெஞ்சில் சொன்னதெல்லாம் போயிருந்தது.

மறுநாள் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. சமையலறையில் உட்கார்ந்தாள். குரல் கூப்பிட்டது. இப்போது அதில் கரகரப்பு இல்லை. மெரின் கூர்ந்து கேட்டாள். 'ச' வரும் இடத்தில் நாக்கு லேசாகப் பல்லில் தட்டுகிற குரல். மெரினின் சொந்தக் குரல். அது நீளமாக எதையோ சொன்னது. கெஞ்சுவதுபோல் இருந்தது. மெரினுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

அம்மா வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "அம்மா, எனக்கு பிரெஞ்சு மறந்துபோச்சும்மா. பயமா இருக்கு. எல்லாம் போயிடுச்சு."

"அதெல்லாம் எங்கயும் போகாது." அம்மா அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "எவ்வளவு அழகா பேசுற பாரு."

புதன்கிழமை. சார்செலில் அப்போது மதியம், புதன்கிழமைகளில் பள்ளி கிடையாது. ஆறரை மணிக்கு டேப்லெட் ஒலித்தது. கமிலா.

டேப்லெட் கூடத்து மேசையில், பூட்டிய அறைக்குப் பக்கத்தில் இருந்தது. மெரின் தயங்கினாள். பிறகு ஓடிப்போய் எடுத்தாள். பழைய முகம், பழைய சுருட்டைமுடி, முன்பல்லில் புதுக் கம்பி. கமிலா குதித்துக்கொண்டே ஏதோ கேட்டாள். வெறும் சத்தம். தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி.

"கமிலா, எனக்குப் புரியல" என்றாள் மெரின்.

கமிலா காதில் அது விழவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. வேகமாக. சிரிப்போடு. கமிலாவும் சிரித்தாள். தலையை ஆட்டினாள். மறுபடி கேட்டாள். கதவு பதில் சொன்னது.

மெரின் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தது.

திரையின் மூலையில், பேசுகிறவரையே காட்டும் சின்னச் சதுரம். அதில் மெரின் இருந்தாள். ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அவளுக்குப் பின்னால் கூடத்துச் சுவர் இல்லை. இருட்டு. அடுக்கிய நாற்காலிகள். சாத்திய ஒரு கதவு. கதவுக்கு அடியில் டியூப்லைட் வெளிச்சம் ஒரு கோடாக. கோட்டின் நடுவில் இரண்டு நிழல். வெளியே நிற்கிற யாருடைய கால்களோ.

மெரின் குனிந்து பார்த்தாள். அவள் நின்றது பூட்டிய கதவை ஒட்டி.

மெல்ல ஒரு காலைத் தூக்கினாள்.

சதுரத்தில் ஒரு நிழல் மட்டும் மிஞ்சியது. பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தி, திரும்பி, அதைப் பார்த்தாள்.