மயில் டின்

கிறேஸ் அக்காவை ஏற்றிப்போகும் வேன் பகல் பன்னிரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. பதினொரு மணிக்கு அக்கா கைப்பையைத் திறந்து பார்த்தாள். பாஸ்போர்ட் இருந்தது. டிக்கெட் இருந்தது. மஞ்சள் அட்டையைக் காணவில்லை.

அக்கா ஒரு நர்ஸ். உகண்டாவில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் தொண்டு செய்யப் போகிறாள். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டதைக் காட்டும் அட்டை அது. அது இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இன்றைக்கே ஓடிப்போய் மறுபடி ஊசி போட்டாலும், பத்து நாள் கழித்துத்தான் புது அட்டை செல்லும்.

கட்டுகஸ்தோட்டையில் இருந்த அந்தச் சின்ன வீடு தலைகீழானது. அப்பா அலுமாரியை மூன்றாம் முறையாகக் கிளறினார். இரண்டு முறை இல்லாத அட்டை மூன்றாம் முறை மட்டும் எங்கிருந்து வரும்? அம்மா, கட்டி வைத்த பெட்டியை அவிழ்த்துக் கட்டிலில் கொட்டினாள்.

பத்து வயதுத் தங்கை யோசப்பினும் கட்டிலுக்கு அடியில் புகுந்து தேடினாள். உண்மையைச் சொன்னால், தேடுவதுபோல நடித்தாள். அட்டை கிடைக்கவே கூடாது என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் இரண்டே வருடம் என்று சொல்லிவிட்டுக் கனடாவுக்குப் போனார். ஏழு வருடமாகியும் வரவில்லை. அக்காவும் அப்படியே அங்கு இருந்துவிட்டால்?

அடியிலிருந்து பார்த்தபோது அக்காவின் கால்கள் மட்டும் தெரிந்தன. அக்கா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

"அங்க மொத்தமே நாலு நர்ஸ்தான்ப்பா," என்றாள் மெதுவாக. "அஞ்சாவது ஆள் வருதுன்னு காத்துக்கிட்டு இருக்காங்க."

யோசப்பின் நடிப்பை நிறுத்தினாள். வெளியே வந்து தலையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள்.

"கடைசியா எங்க வச்ச அக்கா?"

"பிஸ்கட் டின்லதான். மடங்கிடக் கூடாதுன்னு, அடியில விரிச்ச பேப்பருக்குக் கீழ வச்சேன்."

"டின்ல இருந்ததை எல்லாம் காலையிலேயே எடுத்து உன் பையில வச்சுட்டேனே," என்றாள் அம்மா. "பேப்பருக்குக் கீழயும் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மேசைமேல் டின் இருந்தது. மூடியில் மயில் படம். அக்கா பாய்ந்துபோய்த் திறந்து, பேப்பரைத் தூக்கினாள். ஒன்றும் இல்லை.

யோசப்பின் டின்னை முகர்ந்து பார்த்தாள். முறுக்கு வாசம் அடித்தது.

"இது நம்ம டின் இல்லம்மா. நம்ம டின் ஒரு மூலையில நசுங்கியிருக்கும். நான்தானே கீழ போட்டேன்."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். நேற்றுப் பக்கத்து வீட்டுப் பாலாம்பிகை டீச்சர் அக்காவுக்கென்று முறுக்கு கொண்டுவந்த டின் அது. அதன் மூடியிலும் மயில்தான். அந்தத் தெருவில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அம்மாவும் இன்று காலை கேக் வைத்துக் கொடுத்தாள். அவசரத்தில் டின் மாறிவிட்டது.

"நான் ஓடிட்டு வர்றேன். நீங்க பெட்டியைக் கட்டுங்க," என்று யோசப்பின் பறந்தாள்.

பாலாம்பிகை டீச்சர் கேக் தின்றுகொண்டிருந்தார். "அந்த டின்னா? அதுல வடை வச்சு எதிர்வீட்டு ஜெஸீமா கிட்ட குடுத்துட்டேனே. அவங்க உம்மாவைப் பார்க்க ஒரு வாரம் அக்குறணைக்குப் போறாங்க. இப்பதான் பஸ்ஸுக்குக் கிளம்பினாங்க."

"பேப்பரை மாத்தினீங்களா டீச்சர்?"

டீச்சர் யோசித்தார்.

"இல்லம்மா. சுத்தமாத்தான் இருந்துச்சு. அதுமேலயே வச்சுட்டேன்."

கைப்பேசி வராத காலம் அது. ஓடத்தான் வேண்டும். அவள் பெருந்தெருவுக்கு வந்தபோது, அக்குறணை பஸ், நிறுத்தத்தை விட்டுக் கிளம்பி அவள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம், அவள் ராத்தா என்று அக்காமுறை வைத்துக் கூப்பிடும் ஜெஸீமாவின் பச்சை முக்காடு தெரிந்தது.

கத்தினால் கேட்காது. துரத்தினால் எட்டாது. யோசப்பின் பயணம் போகிறவள்போல ஓரமாக நின்று கையை நீட்டினாள். இன்னோர் ஆள் கிடைத்தால் எந்தக் கண்டக்டர் விடுவார்? பஸ் நின்றது. அவள் ஏறி ராத்தாவிடம் ஓடினாள்.

"ராத்தா, அந்த டின்னுக்குள்ள அக்காவோட அட்டை இருக்கு. அது இல்லாம பிளேன்ல ஏத்த மாட்டாங்க."

ராத்தா உடனே மடியில் இருந்த டின்னைத் திறந்து, வடைகளைத் தன் பையில் கொட்டினார். யோசப்பின் பேப்பரைத் தூக்கினாள். மஞ்சள் அட்டை இருந்தது. ஓரத்தில் சின்னதாக ஓர் எண்ணெய்ப் புள்ளி, அவ்வளவுதான்.

"டின்னையும் கொண்டு போ புள்ள," என்றார் ராத்தா. கண்டக்டர் இறங்கச் சொல்லிக் கத்தினார். ராத்தா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பையைத் துழாவி ஒரு பிடி பேரீச்சம்பழம் எடுத்து டின்னில் போட்டார். "வெறும் டின்னாவா குடுக்கிறது?"

திரும்பும் வழியில், தெரு மூலைக் கடையின் மணிக்கூடு பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் காட்டியது. யோசப்பின் நின்றாள்.

அட்டை கிடைக்கவில்லை என்று சொன்னால் போதும். அக்கா போக மாட்டாள். ராத்தா அக்குறணையிலிருந்து வர ஒரு வாரமாகும். அதுவரை யாருக்கும் தெரியாது.

அட்டையில் அக்காவின் பெயர் அழகாக எழுதியிருந்தது. காத்திருக்கும் அந்த நாலு நர்ஸ்கள் எப்படி இருப்பார்களோ? டின்னைக் கை மாற்றினாள். உள்ளே பேரீச்சம்பழங்கள் உருண்டன. வெறும் டின்னாவா குடுக்கிறது என்று ராத்தா சொன்னது மறுபடி காதில் கேட்டது. யோசப்பின் டின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டை நோக்கி ஓடினாள்.

வேன் வந்து நின்றிருந்தது. அட்டையைப் பார்த்ததும் அக்கா அவளைக் கட்டிப்பிடித்து அழுதே விட்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த டின்னையும் கொண்டு போ அக்கா."

"பெட்டியில இடம் இல்லடி."

"காலுக்குப் போடுற சப்பாத்துல ஒரு சோடியை எடுத்துட்டு வை. பழத்தை நர்ஸ்மாருக்குக் குடு. டின்னைத் திருப்பிக் கொண்டுவந்து என் கையில குடுக்கணும். வெறும் டின்னாக் குடுக்கக் கூடாது."

அக்கா பெட்டியைத் திறந்து சப்பாத்தை வெளியே எடுத்தாள்.

"ரெண்டு வருஷம்," என்றாள். "நிரப்பிக் கொண்டு வர்றேன்."

வேன் திரும்பி மறையும்வரை யோசப்பின் கை காட்டினாள். அழுகை வந்தது. ஆனால் காலையில் இருந்த பயம் இல்லை. மேசைமேல் மற்ற மயில் டின் காத்திருந்தது, டீச்சருடையது. யோசப்பின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சீனிப் போத்தலை எடுக்கப் போனாள்.