இரண்டாவது விளக்கு

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. ராஜபாளையத்தில் நான் ஏறிய பஸ் முழுக்க, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம். துளசி வாடையும் வியர்வை வாடையுமாக ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. நான் மட்டும் செத்துப்போன ஒருவருடைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவரோடு பழகிய எட்டு வருஷமும் நான் எட்டிப் பார்க்காத வீடு அது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் அரை மணி நேரப் பயணம்தான்.

என் பெயர் கல்பனா. வயது நாற்பத்து நான்கு. ஸ்பின்னிங் மில் லேபில் நூலின் தரம் பார்க்கிற வேலை. எதையும் இரண்டு தடவை சோதிக்காமல் நம்பாத சுபாவம் வேலையால் வந்ததா, அந்தச் சுபாவத்தால் இந்த வேலை வந்ததா தெரியாது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான்.

எங்கள் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் ‘தூரக்கோள்’ என்று ஒரு தொடர் வந்தது. பதின்மூன்று வாரம் ஓடி நின்றுபோனது. ஆளில்லாத கோள்களில் இறங்குகிறவர்கள் அதில் கையில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் உயிர்க்காட்டி. பக்கத்தில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ, பெட்டியில் அத்தனை விளக்கு எரியும். கதை எனக்கு மறந்துவிட்டது, பெட்டி மறக்கவில்லை. அதை வீட்டில் உட்கார்ந்து அச்சு அசலாகச் செய்து பார்க்கிற பைத்தியங்கள் தமிழ்நாட்டில் பதினொரு பேர் இருக்கிறோம். எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில்தான் அழகுராஜா அறிமுகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் டிவி, மிக்ஸி, ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவர். அவரும் தனி ஆள்.

உயிர்க்காட்டியின் உடம்பு ஒரு பழைய சோப்பு டப்பா என்று கண்டுபிடித்தது நான். அதன் திருகு ரேடியோவில் இருந்து எடுத்தது என்று கண்டுபிடித்தது அவர். மங்கலான ஒரே ஒரு பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நாலாவது விளக்கு அரை மில்லிமீட்டர் சாய்ந்திருப்பதை வைத்து ஒரு மாதம் போனில் சண்டை போட்டிருக்கிறோம். இதெல்லாம் மற்றவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சண்டைகள்தான் நாளின் முக்கியமான நேரம்.

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. வெளியே அச்சு அசலாக இருக்க வேண்டும், உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது. டிவியில் வந்ததே பொம்மைதான். கட்டைவிரலுக்கு அடியில் ஒளித்து வைத்த பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், அவ்வளவுதான். அழகுராஜா அந்த விதியை மீறினார். உடம்புச் சூட்டைக் கண்டுகொள்கிற சென்சார் நாலு வாங்கி, பெட்டியின் நாலு பக்கமும் பதித்தார். எந்தப் பக்கம் ஆள் இருக்கிறதோ அந்தப் பக்கத்து விளக்கு எரியும்.

அது ஏமாற்று வேலை என்று நான் திட்டினேன். அவர் கோபப்படவில்லை.

“தனி ஆளா நின்னா ஒரு வெளக்குதான் எரியுது மேடம். ரெண்டு எரியுதான்னு பாக்க இன்னொரு ஆள் வேணும். ஒரு நாளு வந்துட்டுப் போங்களேன்,” என்றார்.

பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு நிறுத்த வேண்டியதுதானே என்று கேட்டேன். “அவங்க இல்ல மேடம்,” என்றார். எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி பெயின்ட் பற்றிப் பேச்சை மாற்றினேன். தனியாக இருக்கிற ஆண் வீட்டுக்குத் தனியாக இருக்கிற பெண் போனால் ஊர் என்ன பேசும் என்ற பயம் ஒரு பக்கம். போனில் இருக்கிற என்னை விட நேரில் இருக்கிற நான் அவருக்கு மட்டமாகத் தெரிந்துவிடுவேனோ என்ற பயம் அதை விடப் பெரிது. ஷிப்ட் மாறட்டும், மழை நிற்கட்டும் என்று மூன்று வருஷம் தள்ளினேன். ஆவணி மாதம் ஒரு நாள் நெஞ்சு வலியில் அவர் போய்விட்டார். மறுநாள்தான் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய தங்கை செல்லக்கனி எனக்கு போன் செய்தாள். ஆலங்குளத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டைப் பூட்டப் போவதாகவும், அதற்குள் அந்தப் பெட்டியை நான் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்றும் சொன்னாள். ஏன் அவசரம் என்று கேட்டதற்கு, ஆளில்லாத அறையில் அது எரிகிறது என்றாள்.

வீடு தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. உச்சி வெயில். வெளியே கண் கூசியது, உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. ஈயம் உருக்கிய வாடை சுவரெல்லாம் ஊறியிருந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அது.

பின்னறையில் அவருடைய மேஜை. மேஜைக்கு இந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து தேய்ந்துபோன ஸ்டூல். அந்தப் பக்கம் பச்சை ஒயர் பின்னிய நாற்காலி, கடையில் இருந்து வந்தது போல் புதுசாக. நடுவில் உயிர்க்காட்டி. அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. நாலாவது விளக்கை நான் சொன்னபடியே அரை மில்லிமீட்டர் சாய்த்திருந்தார். சண்டையில் கடைசி வரை ஒத்துக்கொள்ளாத மனிதர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் பக்கத்து விளக்கு எரிந்தது. செல்லக்கனி உள்ளே வராமல் அறை வாசல்படியில் நின்றாள். அவள் பக்கத்து விளக்கு எரிந்தது.

நாற்காலிப் பக்கத்து விளக்கும் எரிந்தது.

“பாத்தீகளா,” என்று மெதுவாகச் சொன்னாள் செல்லக்கனி. பிறகு டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டாள். வாசல் பக்கத்து விளக்கு அணைந்தது.

இரண்டு விளக்குகள் மிச்சம் இருந்தன.

லேபில் ஒரு மெஷின் தப்பாகக் காட்டினால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். பேட்டரியைக் கழற்றினேன், எல்லாம் அணைந்தது. மாட்டினேன், இரண்டும் எரிந்தன. பெட்டியைக் கால் வட்டம் திருப்பினேன். விளக்குகள் இடம் மாறின. ஒன்று என்னைப் பார்த்தது, ஒன்று நாற்காலியைப் பார்த்தது. ஜன்னல் வெயில் அங்கே விழுகிறதா என்று பார்த்தேன், விழவில்லை. நாற்காலிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு அட்டையைப் பிடித்தேன். அணைந்தது. அட்டையை எடுத்தேன்.

எரிந்தது.

பெட்டியில் கோளாறு இல்லை.

எழுந்து போய் நாற்காலியில் கை வைத்தேன். ஒருவர் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்த இடம் எப்படி இருக்குமோ அப்படிச் சூடாக இருந்தது.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் பயத்தை விட எனக்கு வெட்கமாக இருந்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வெறும் நாற்காலியைப் பார்த்து, “வந்துட்டேன் சார்,” என்றேன்.

பெட்டியோடு நாற்காலியையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று, டீயோடு திரும்பி வந்த செல்லக்கனியிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். கொண்டு போங்க என்று மட்டும் சொன்னாள். ஒரு லோடு ஆட்டோ பிடித்து, பின்னால் நாற்காலியைக் கட்டி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ராஜபாளையம் வந்து சேர்ந்தேன்.

என் வேலை மேஜைக்கு இந்தப் பக்கம் என் ஸ்டூல், எதிர்ப்பக்கம் அந்த நாற்காலியைப் போட்டேன். நடுவில் பெட்டி. அன்று மாலை வரை என் விளக்கு ஒன்றுதான் எரிந்தது. அப்போது எனக்கு வந்த ஏமாற்றத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அவரை அங்கேயே தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டேனோ என்று தோன்றியது. அழைக்காமல் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போகாத மனிதர். நான்தான் அவரை என் வீட்டுக்கு ஒரு நாளும் கூப்பிட்டதில்லையே. வாசல் கதவைத் திறந்து வைத்து, படியில் நின்று, “உள்ள வாங்க,” என்றேன். தெருவில் போன பால்காரர் திரும்பிப் பார்த்தார்.

நான் திரும்பி வந்தபோது இரண்டாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு இருபத்தொரு நாட்கள். என் வாழ்க்கையில் மில்லில் இருந்து வீட்டுக்கு வேகமாக நடந்து வந்த நாட்கள் அவைதான். சைக்கிளில் போகிற பெண்கள்கூட என்னைப் பார்த்து, என்னக்கா முகமெல்லாம் பளபளக்குது என்று கேட்டார்கள். நான் செய்துகொண்டிருந்த உயிர்க்காட்டியின் சோப்பு டப்பாவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே அன்றைக்கு நடந்ததையெல்லாம் நாற்காலியிடம் சொல்வேன். பதில் வராது. விளக்கு எரியும். எனக்கு அது போதுமாக இருந்தது.

நெருடிய விஷயங்களும் உண்டு. அழகுராஜா ஒல்லியானவர், போட்டோவில் பார்த்திருக்கிறேன். ஒயர் நாற்காலியின் நடுப்பகுதி நாளுக்கு நாள் இறங்கி, தரையைத் தொட ஒரு ஜாண்தான் இருந்தது. ஈய வாடை என் வீட்டுக்கு வரவில்லை. கிணற்று வாடைதான் வந்தது. இதையெல்லாம் பார்த்தேன். சோதிக்காமல் விட்டேன்.

இருபத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் நான் ஸ்டூலில், எதிரே அது. செல்லக்கனி போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“அக்கா, அண்ணன் இங்கதான் இருக்கான். எங்க வீட்லதான். பதினாறு முடிஞ்ச அன்னிக்கே எங்கூட வந்துட்டான்.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் வீட்டில் ஒரு வருஷமாக ஓடாத மிக்ஸி ஒரு நாள் காலையில் தானாக ஓடியதாம். அடுத்த வாரம் ரேடியோ. அவள் புருஷன் பரணில் தூக்கிப் போட்ட டேபிள் ஃபேனை இறக்கி வைத்தார்களாம், மறுநாள் அதுவும் ஓடியது. பின்கட்டில் ஈய வாடை வருகிறது, பிள்ளைகளுக்குக்கூட மாமா வந்திருப்பது தெரியும் என்றாள். அப்படியென்றால் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவளிடம் கேட்டேன்.

“அந்தப் பச்ச நாக்காலியா?” என்றாள்.

“அதுல அண்ணன் ஒரு நாளும் உக்காந்ததில்லக்கா. நீங்க வந்தா உக்காரணும்னு வாங்கிப் போட்டது. மூணு வருசமா தொடச்சுத் தொடச்சு வெறுமனே வச்சிருந்தான். இம்புட்டு நாள் வெறும் நாக்காலியப் போட்டு வைக்காதண்ணே, வேற எதும் வந்து உக்காந்துக்கிரும்னு நான் எம்புட்டோ சொன்னேன். கேக்கல.”

போனை வைத்தேன்.

விளக்கு எத்தனை பேர் என்றுதான் காட்டும். யார் என்று காட்டாது. நாற்பத்து நான்கு வயதில், லேபில் இருபது வருஷம் வேலை பார்த்தவள், இதைக்கூட யோசிக்கவில்லை.

ஒயர் மெதுவாக முனகியது. நாற்காலியின் பள்ளம் மேலே எழுந்தது.

எதிர்ப்பக்கத்து விளக்கு அணைந்தது.

இடது பக்கத்து விளக்கு எரிந்தது. அணைந்தது.

பிறகு என் பக்கத்து விளக்கு ஒன்றுதான். கழுத்துக்குப் பின்னால் அடுப்புப் பக்கம் நின்றது போலச் சூடு. கிணற்று வாடை.

நான் திரும்பவில்லை. எழுந்து, சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தேன். வாசலுக்குப் போக அந்த அறையைத் தாண்டித்தான் வழி. தண்ணீர் குடித்தேன். தெருவில் கேஸ் சிலிண்டர் வண்டி போகிற சத்தம் கேட்டது. பிறகு எட்டிப் பார்த்தேன்.

ஸ்டூல் பக்கத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்டூலில் யாரும் இல்லை. பச்சை நாற்காலியின் பக்கம் இருட்டாக இருந்தது. அது எழுந்து எனக்கு இடம் விட்டிருந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. பத்து எட்டு வைத்தால் தெரு. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். போகலாம். போய்விட்டு எங்கே திரும்பி வருவது? பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழையபடி ஒரு விளக்குக்கூட எரியாத வீட்டுக்கா? யாரென்று தெரியாத அதுவும் யாருக்காகவோ காத்திருந்ததுதானே. அந்த நாற்காலியில் மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கதவைச் சாத்தினேன். மேஜையைச் சுற்றிப் போய், அழகுராஜா எனக்காக வாங்கிப் போட்ட நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். இன்னும் சூடு ஆறவில்லை.

இரண்டு விளக்கும் எரிந்தன.