கோட்டையில் ஐந்து அறைகள்

சமையலறையில் ஒரு தட்டு, யாரோ விரல் நுனியால் தள்ளுவதுபோல, மெல்ல நகரும் சத்தம் கேட்டது. வீட்டில் இருந்ததோ இரண்டே பேர்: படுக்கையறையில் காய்ச்சலோடு மனைவி, எழுத்து மேசையில் கணவர் புராணம்.

பகடை உருட்டி ஆடும் கற்பனை ஆட்டங்களுக்குத் தெய்வங்களையும் ஊர்ப்பெயர்களையும் உற்பத்தி செய்வது அவர் வேலை. 'புராணம்' என்பது அலுவலகம் சூட்டிய பட்டம். நானூறு ஊர்களுக்குப் பெயர் வைத்த பெருமை தலைக்கேறி, இந்த முறை தன் வீட்டு வரைபடத்தையே கோட்டையாக்கி அனுப்பிவிட்டார். கூடம் 'ஆயிரம் மௌனங்களின் சபை'. சமையலறை 'பசித்தவர் மண்டபம்'. மூன்று மாதமாகக் குழாய் ஒழுகும் குளியலறை 'கண்ணீர்ச் சுனை'. படுக்கையறை 'உறங்கும் அரசியின் பள்ளியறை'. இந்த எழுத்தறை, அடக்கமாக, 'படைத்தவன் குகை'. கோட்டையில் உலவும் பூதம் நாவிலி. பெயருள்ள அறைக்குள் மட்டுமே நுழையும், தூங்குகிறவரைத் தின்னும்.

கைப்பேசியில் சோடாபுட்டி. அலுவலகத்தில் ஆட்டத்தைச் சோதித்துப் பார்ப்பவள்.

"சார், நாவிலி மண்டபத்துக்கு வந்தாச்சு. தட்டை நகத்துது. நல்லா எழுதியிருக்கீங்க."

"தட்டெல்லாம் நான் எழுதலையே."

"ஆமா, ரொம்பத்தான் அடக்கம்."

அந்தப் பக்கம் பகடை உருண்டது. "அடுத்து சுனை."

மூன்று பிளம்பர்கள் கைவிட்ட குழாய், அந்த நொடியில், சொட்டுவதை நிறுத்தியது. ஊறிப்போன பழைய காகித வாடை ஒன்று கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து, அவர் காலடியில் பூனைபோலப் படுத்துக்கொண்டது.

"ஏங்க," படுக்கையறையிலிருந்து மனைவியின் குரல், தூக்கக் கலக்கத்தில். "குழாயைச் சரிபண்ணிட்டீங்களா?"

அவருக்குப் பயம் வரவில்லை. பல் டாக்டரின் ஊசிக்குப் பிறகு ஈறு மரத்துப்போவதுபோல மனம் மரத்திருந்தது.

"ஆட்டத்தை நிறுத்தும்மா."

"நடுவுல நிறுத்தக்கூடாதுன்னு விதி எழுதினது யாரு? அடுத்து பள்ளியறைதான் சார். அங்க ஒரு அம்மா தூங்கறாங்களாம், பாவம்."

பகடையைக் குலுக்கும் ஓசை.

பெயர் இருந்தால்தானே நுழையும். கணினியில் வரைபடத்தைத் திறந்தார். அந்தப் பெயரை அழித்தார்.

பகடை ஓசை நின்றது. சொந்த விதியையே ஏமாற்றிவிட்ட கெட்டிக்காரத்தனத்தில் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. மனைவியைப் பார்க்கலாம் என்று கைப்பேசியோடு கூடத்துக்கு வந்தார்.

படுக்கையறைக் கதவு இருந்த இடத்தில் சுவர்.

புதுச் சுவர் அல்ல. பழைய அழுக்கு. பழைய விரிசல். தொட்டார். அனலாய்ச் சுட்டது. உள்ளே யாரோ இருமினார்கள்.

பெயரைத் திரும்ப எழுத வேண்டும். அவ்வளவுதான். என்ன பெயர்? நானூறும் நினைவில் இருந்தன. அது மட்டும் இல்லை.

"அந்த ரூமுக்கு என்னம்மா பேரு வச்சேன்?"

"எந்த ரூம் சார்? கோட்டையில நாலு அறைதானே."

சுவரில் காதை வைத்தார்.

"சார், நாவிலி சபைக்கு வந்துடுச்சு," என்றாள் சோடாபுட்டி. "அங்க ஒருத்தர் சுவர்ல காதை வச்சு நிக்கிறாராம்."

முதுகுக்குப் பின்னால் காகித வாடை. அவர் திரும்பவில்லை. சுவருக்குள்ளிருந்து நகத்தால் சுரண்டும் சத்தம்.

"ஏங்க."

ஒரு பெண் குரல். யாரையோ கூப்பிடுகிறாள். யார் அவள் என்று அவர் யோசித்துக்கொண்டே நின்றார்.