ஒத்தப்பாறை விட்ட இடைவெளி

குமரகுருவின் கோழிப்பண்ணைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நாமக்கல் வெயில் இன்னும் தணியவில்லை. பழைய தீவனக் கிடங்கில் அதே புளித்த வாடை. 'ஒத்தப்பாறை' ராக் குழு ஒத்திகை பார்த்த இடம் அதுதான். குமரகுரு டிரம்ஸ் வாசிப்பவன். என் கணவர் இளவழகன் பாடகர். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது.

புதுப் பையனைப் பாடவைத்து சேலத்தில் நடத்திய கச்சேரியின் பதிவை இப்போது வெளியிட்டிருந்தார்கள். அவர் பாட்டுகள், அவர் சாயலாவது இருக்கும் என்று ஏங்கித்தான் கேட்டேன். எரிச்சல்தான் மிச்சம். ஒவ்வொரு பல்லவிக்கு முன்னும் வாத்தியங்கள் தொய்ந்து, எதற்கோ காத்து நிற்கின்றன. பையன் தாமதமாக வந்து ஒட்டிக்கொள்கிறான்.

"லாரிப் பட்டறையில தகரம் தட்டறவங்க இதைவிட ஒழுங்கா அடிப்பாங்க, குமரகுரு."

அவன் சிரிக்கவில்லை.

"உங்களுக்குக் கேக்கலீங்களா, அண்ணி?"

"என்னது?"

"அண்ணன் பாடி முடிச்சாத்தானுங்களே நாங்க பல்லவியை எடுக்க முடியும்."

விளையாடுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். உதடு உலர்ந்திருந்தது.

"அந்தப் பையனுக்கும் கேக்குதுங்க. இனிமே வரமாட்டேன்னுட்டான்."

முதலில் எனக்கு வந்தது பயமல்ல, கோபம். ஒரே வீட்டில் வாழ்ந்தவள் நான். குளியலறையில் அவர் முணுமுணுப்பதை வைத்தே அன்றைய மனநிலையைச் சொல்வேன். யார் யாருக்கோ கேட்கும் குரல் எனக்கு மட்டும் ஏன் இல்லை?

"போடு. இங்கயே போடு."

போட்டான். பல்லவிக்கு முன் இசை தொய்ந்தது. ஸ்பீக்கரில் காதை அழுத்தினேன். வெறும் இரைச்சல்.

அப்போதுதான் கவனித்தேன்.

வெளியே கோழிகள் கத்தவில்லை.

ஆயிரக்கணக்கான கோழிகள். பையன் பாடத் தொடங்கியதும் கொக்கரிப்பு திரும்ப எழுந்தது. அடுத்த இடைவெளி வந்தது. கொட்டகை மொத்தமும் அடங்கியது.

கோழிகளுக்குக்கூடக் கேட்கிறது.

"நிறுத்து," என்றேன்.

அவன் வயரையே பிடுங்கினான். ஸ்பீக்கரின் சிவப்பு விளக்கு அணைந்தது.

கோழிகள் கத்தவில்லை.

குமரகுருவின் பார்வை என் தோளுக்குப் பின்னால் போய் நின்றது. யாரோ சொல்வதைக் கேட்பவன்போலத் தலையைச் சாய்த்தான். நான் திரும்பினேன். தீவன மூட்டைகள், தூசி, சாய்ந்த வெயில்.

என் முதுகுக்குப் பின்னால் அவன் மெல்ல, மரியாதையாகப் பதில் சொன்னான்.

"ஆமாங்கண்ணா, வந்திருக்காங்க. அவங்களுக்குத்தான் கேக்க மாட்டேங்குதுங்க."

கோழிகள் மறுபடி கத்தத் தொடங்க வெகுநேரம் ஆனது.